ஆற்று மீனுக்குக் கணக்கு எங்கே?

பாம்புக்குத் தலையையும் மீனுக்கு வாலையும் காட்டுகிறது விலாங்கு என்று ஒரு பழமொழி உண்டு. இரு பக்கமும் நல்ல பிள்ளையாக நடிப்பவரைச் சுட்டவே அதைச் சொல்வார்கள். பாவம், விலாங்கு! அது தன் வாழ்நாளில் செய்யும் பயணத்தை அறிந்திருந்தால் நம் முன்னோர் அதற்கு இத்தனை கெட்ட பெயரைச் சூட்டியிருக்க மாட்டார்கள் என்றே எங்களுக்குத் தோன்றுகிறது.

விலாங்கு பிறப்பது ஆழ்கடலில். பிறந்தவுடன் அது விலாங்கைப் போலவே இராது. கண்ணாடி போல ஒளி ஊடுருவும் ஒரு சிறு இலையின் வடிவில் நீரோட்டத்தோடு மிதந்து கரையை நாடி வரும். கரையை நெருங்கும்போது நூலிழை போல் ஒடுங்கிப் பொழிமுகத்தில் நுழையும். இரவு நேரங்களில் கரையோரமாக நீந்தியும், ஈரப் பாறைகளில் ஊர்ந்தும் மேலே மேலே ஏறும். ஆறோ, குளமோ, வயற்காலோ, கிடைத்த இடத்தில் தங்கிப் பல ஆண்டுகள் வளரும். முதிர்ந்தபின் ஒரு மழைக்காலத்தில் ஆற்றோடு இறங்கி, மீண்டும் கடலுக்குச் சென்று, ஒரே ஒரு முறை முட்டையிட்டு மடியும். மேனாடுகளில் புகழ்பெற்ற சால்மன் மீன் இதற்கு நேர்மாறானது. அது ஆற்றில் பிறந்து, கடலில் வளர்ந்து, முட்டையிடப் பிறந்த ஆற்றுக்கே திரும்புகிறது. ஒன்று இறங்குகிறது, மற்றொன்று ஏறுகிறது. ஆனால் இரண்டுக்கும் வேண்டுவது ஒன்றுதான்: கடலுக்கும் மலைக்கும் இடையே தடையில்லாத ஒரு வழி.

அமெரிக்காவின் கொலம்பியா ஆற்றில் போனவில் என்று ஓர் அணை இருக்கிறது. 1938 ஆம் ஆண்டு அதைக் கட்டி முடித்தபோதே சால்மன் ஏறிச் செல்லப் படிக்கட்டுகள் போன்ற நீர்வழிகளையும் அமைத்தார்கள். அந்த வழியின் ஓரத்தில் கண்ணாடிச் சன்னல் வைத்து, கடந்து செல்லும் மீன்களை இனம் இனமாக அன்று முதல் எண்ணி வருகிறார்கள். ஏறத்தாழ 90 ஆண்டுக் கணக்கு! எந்த ஆண்டு மீன் குறைந்தது, எந்த ஆண்டு பெருகியது என்று அந்த ஏடுகளைப் புரட்டிப் பார்த்துச் சொல்லிவிடலாம். அணைகள் கட்டியதால் அங்கும் சால்மன் வெகுவாகக் குறைந்தது உண்மையே. ஆனால் குறைந்தது என்று அவர்களால் எண்ணிக்கையோடு சொல்ல முடிகிறது. வழக்குமன்றத்திலும் சட்டமன்றத்திலும் அந்த எண்ணிக்கையை முன்வைத்து வாதாட முடிகிறது.

நம் மாவட்டத்திலும் ஆறுகள் இருக்கின்றன. சுருளகோடு பக்கமிருந்து புறப்பட்டு, பூதப்பாண்டி, ஒழுகினசேரி, சுசீந்திரம் வழியாக மணக்குடியில் கடலைச் சேரும் பழையாறு. கோதையாறும் பரளியாறும் மூவாற்றுமுகத்தில் கூடி, குழித்துறை வழியே தேங்காப்பட்டணத்தில் கடலில் கலக்கும் தாமிரபரணி. இடையில் சிறிய வள்ளியாறு. இவற்றில் ஏறி இறங்குவது விலாங்கு மட்டுமன்று. மடவையும் பால்மீனும் கொடுவாயும் குஞ்சுப் பருவத்தில் காயலுக்குள் வந்து வளர்கின்றன. கடலில் பிறக்கும் வெள்ளை இறால் காயலில் வளர்ந்து, மீண்டும் கடலுக்குத் திரும்புகிறது. ஆற்றுக் கொஞ்சோ முட்டையிட உப்புநீரை நாடி இறங்குகிறது. இத்தனை உயிர்களின் போக்குவரத்துக்கு யாராவது கணக்கு எழுதுகிறார்களா? அணைகளிலும் குளங்களிலும் வளர்ப்பதற்காக விடும் மீன்குஞ்சுகளுக்குக் கணக்கு உண்டு. தானாக வருகிற மீனுக்கு?

இந்தக் கேள்வி எங்கள் உயிரியல் வகுப்பில்தான் முதலில் எழுந்தது. எங்களுள் பாதிப்பேர் கடற்கரை ஊர்களிலிருந்து வருகிறவர்கள். பாதிப்பேர் வயலும் தென்னையும் சூழ்ந்த ஊர்களிலிருந்து வருகிறவர்கள். பாடம் முடிந்ததும், மீனைக் காப்பாற்ற வேண்டுமானால் ஆற்றிலும் காயலிலும் மீன் பிடிப்பதையே தடை செய்துவிட வேண்டும் என்று வயலூர்த் தோழி ஒருத்தி எழுந்து முழங்கினாள். நாங்களும் கைதட்டினோம். உடனே கடற்கரைத் தோழி ஒருத்தி எழுந்தாள். "ஊர்ச் சாக்கடையை ஆற்றில் விடுவது நீங்கள். வயலுக்கு அடித்த பூச்சிமருந்து வடிவது உங்கள் வாய்க்காலிலிருந்து. வலையைச் சுருட்டி வைக்க வேண்டியது மட்டும் நாங்களா?" என்றாள். வகுப்பு அமைதியாகிவிட்டது. எங்கள் அருட்சகோதரியும் ஒன்றும் சொல்லாமல் புன்னகைத்தார். அவள் சொன்னதில் பிழை இல்லை என்பதை நாங்கள் அன்று ஒப்புக்கொண்டோம்; இன்றும் ஒப்புக்கொள்கிறோம். கணக்கு இல்லாத இடத்தில் குற்றச்சாட்டுதான் பெருகும். மீன் குறைந்தது வலையாலா, சாக்கடையாலா, மணல் அள்ளியதாலா, அணையாலா என்று எண்ணிப் பார்த்தவர் இல்லாதபோது, குரல் தாழ்ந்தவர் தலையில்தான் பழி விழும்.

எண்ணாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தொலைவில் போக வேண்டாம். நம் காவிரியே போதும். வங்காளிகள் உயிராய் மதிக்கும் இலிசா மீனை நாம் உல்லம் என்போம். அதுவும் சால்மனைப் போலக் கடலில் வளர்ந்து ஆற்றில் முட்டையிடுவது. ஒரு காலத்தில் புதுவெள்ளம் வரும்போது கொள்ளிடத்திலும் காவிரியிலும் உல்லம் கூட்டங்கூட்டமாக ஏறி வந்தது. 1836 ஆம் ஆண்டு கொள்ளிடத்தின் குறுக்கே அணைக்கரையில் கீழணை எழுந்தது. இந்தியாவின் மீன்வளத்தை ஆராய்ந்த பிரான்சிஸ் டே என்ற ஆங்கில மருத்துவர், அணைக்கட்டுகள் மீனின் வழியை அடைப்பதைப் பற்றி 1873 ஆம் ஆண்டு வெளியான தம் அறிக்கையில் எச்சரித்தார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை மாகாண மீன்துறையினர் கொள்ளிடத்தில் உல்லத்தின் முட்டைகளைச் செயற்கையாகப் பொரிக்க வைக்கும் முயற்சிகூடச் செய்தார்கள். 1934 இல் மேட்டூர் அணை முடிந்தது. பெருவெள்ளம் அணைக்குள் அடங்கியது. உல்லத்தை ஆற்றுக்கு அழைத்த அந்தப் பெருக்கு கீழே வராமற்போயிற்று. காவிரி உல்லம் அதன்பின் பெயரளவுக்குத்தான். மேட்டூர் அணை வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. அந்த நீரில் விளைந்த சோற்றை உண்ணாதவர் நம்மில் யார்? ஆனால் ஒரு மீனை இழக்கிறோம் என்று தெரிந்து இழப்பது வேறு, தெரியாமலே இழப்பது வேறு. கங்கையிலும் 1975 இல் பராக்கா தடுப்பணை வந்தபின் அதற்கு மேலே உள்ள ஊர்களில் இலிசா அரிதாகிவிட்டது.

இதே மீனைக் கணக்கு வைத்துக் காப்பாற்றிய நாடும் இருக்கிறது. வங்காளதேசத்தில் 2002-03 இல் ஆண்டுக்கு ஏறத்தாழ 2 லட்சம் டன்னாக இறங்கிய இலிசாப் பிடிப்பு, 2017-18 இல் 5 லட்சம் டன்னைத் தாண்டியது. எப்படி? முட்டையிடும் காலமான அக்டோபரில் 22 நாள் முழுத் தடை. ஜட்கா என்று அங்கே சொல்லும் இலிசாக் குஞ்சுகளைப் பிடிக்க மாதக்கணக்கில் தடை. அந்த மாதங்களில் ஏழை மீனவர் குடும்பங்களுக்குத் திங்கள்தோறும் 40 கிலோ அரிசி. அரிசி எல்லாருக்கும் போய்ச் சேரவில்லை என்ற முறையீடு அங்கேயும் உண்டு. ஆனாலும் தடையை எந்த நாளில், எந்த ஆற்றுப் பகுதியில் வைப்பது என்பதை அவர்கள் மனம்போன போக்கில் முடிவு செய்யவில்லை. சினை மீன் எப்போது, எங்கே வருகிறது என்று ஆண்டுதோறும் பார்த்து எழுதியவர்களின் ஏடுகளிலிருந்து எடுத்தார்கள்.

நம் கடலிலும் அப்படி ஓர் ஏடு இருப்பதை மறந்துவிடக் கூடாது. 1947 இல் தொடங்கப்பட்டு, இப்போது கொச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் ஊழியர்கள் கரையோரமெங்கும் தெரிந்தெடுத்த இறங்குதுறைகளில் நின்று, இறங்கும் மீனை இனவாரியாக எழுதுகிறார்கள். நம் வீடுகளில் நாளும் குழம்பாகும் சாளையை எடுத்துக்கொள்ளுங்கள். 2012 இல் கேரளக் கரையில் மட்டும் ஏறத்தாழ 4 லட்சம் டன் கிடைத்தது. 2021 இல் 3,297 டன்! எழுதி வைத்தவர்கள் இருந்ததால்தான் இந்தச் சரிவு உடனே தெரிந்தது. கடல்நீரின் வெப்ப மாற்றம், குஞ்சுச் சாளையை வாரியெடுத்தது என்று காரணங்களை ஆராய்ந்தார்கள். 10 சென்டிமீட்டருக்குக் குறைந்த சாளையைப் பிடிக்கக் கூடாதென்ற விதிக்கு அங்கே அழுத்தம் வந்தது. பின்னர்ச் சாளை ஓரளவு மீண்டும் வந்தது. நம் மாவட்டத்தின் விசைப்படகுகளுக்கும் தடைக்காலம் இருப்பது உங்களுக்குத் தெரியும்: கிழக்குப் பகுதிக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்குப் பகுதிக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஒரே மாவட்டத்துக்கு இரண்டு நாட்காட்டி! கடல் மீனுக்கு இவ்வளவு. ஆற்று மீனுக்கு ஒன்றும் இல்லை. தோட்டா போட்டும் நஞ்சு கலந்தும் மீன் பிடிக்கக் கூடாது என்று 1897 ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு. அதன் பெயரையாவது கேள்விப்பட்டவர் ஆற்றங்கரைகளில் எத்தனை பேர்?

எண்ணுவது என்ன பெரிய காரியம் என்று சிலர் கேட்கலாம். அருளப்பர் நற்செய்தியின் கடைசி அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். இராயப்பர் வலையை இழுத்துக் கரை சேர்த்தபோது அதில் இருந்தவை 153 பெரிய மீன்கள் என்று எழுதியிருக்கிறது. ஏராளமான மீன் என்று எழுதிவிட்டுப் போயிருக்கலாம் அல்லவா? உயிர்த்த ஆண்டவரையே கரையில் கண்ட அந்த விடியற்காலையிலும் யாரோ ஒருவர் குனிந்து மீனை எண்ணியிருக்கிறார். மறைநூல் அறிஞர்கள் அந்த எண்ணுக்குப் பல விளக்கங்கள் தருகிறார்கள். எங்களுக்கு அவ்வளவு ஞானம் இல்லை. மீனவர் வீட்டுப் பெண்களுக்குத் தெரிந்த ஒன்று எங்களுக்கும் தெரியும்: பங்கு பிரிக்க வேண்டுமானால் முதலில் எண்ண வேண்டும்.

ஆகவே இந்த ஆண்டு நாங்கள் ஒரு நோட்டுப்புத்தகம் போட்டோம். சனிக்கிழமை வீட்டுக்குப் போகிறவர்கள் தங்கள் ஊர்ச் சந்தையில் ஆற்று மீன், காயல் மீன் என்னென்ன வந்தது என்று கேட்டு எழுத வேண்டும். மீனின் பெயர், அளவுகோலால் அளந்த நீளம், வயிற்றில் சினை உண்டா இல்லையா, எங்கே பிடித்தது, வலையா தூண்டிலா. அவ்வளவுதான். முதல் வாரமே நாங்கள் பாடம் கற்றோம். கூடையோடு அமர்ந்திருந்த ஒரு பாட்டியிடம் அளவுகோலை நீட்டிக்கொண்டு போனபோது அவர் எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இப்பம் எண்ணி என்ன செய்யப் போறிய மக்களே? எண்ணுகதுக்கு மீன் வேண்டாமா?" சிரித்துவிட்டோம், சிரித்தபின் வெட்கமாகவும் இருந்தது. பிறகு அவரே எங்களை அருகில் உட்காரவைத்து, எந்த மழைக்கு எந்த மீன் ஏறும், எந்த மாதத்தில் கரிமீன் குஞ்சோடு திரியும், எந்தக் காற்றுக்கு மடவை துள்ளும் என்று அரைமணி நேரம் சொன்னார். எங்கள் பாடநூல்களில் அதில் கால்வாசிகூட இல்லை. மீன் எண்ணும் வேலையை அரசு தொடங்குமானால் முதலில் வேலைக்கு எடுக்க வேண்டியது இந்தப் பாட்டிமாரைத்தான் என்பது எங்கள் உறுதியான கருத்து. எழுதத் தெரியாதென்றால் என்ன? எழுத நாங்கள் இருக்கிறோம்.

எண்ணுவதோடு நின்றுவிடலாகாது என்பதும் உண்மை. பேச்சிப்பாறை அணையை 1897 இல் தொடங்கி 1906 இல் முடித்தார்கள். திருவிதாங்கூர் மகாராஜா மூலம் திருநாள் காலத்தில் மின்சின் என்ற பொறியாளர் கட்டியது. அதற்கு எத்தனையோ நூற்றாண்டு முன்னரே பாண்டியன் அணையும் பாண்டியன் காலும் பரளியாற்று நீரைப் பழையாற்றுப் பக்கம் திருப்பிவிட்டன. பழையாற்றின் குறுக்கே பள்ளிகொண்டான், சபரி, சோழந்திட்டை என்று அணைகள் வரிசையாக நிற்கின்றன. நாஞ்சில் நாட்டு நெல்லுக்கு அவை தாய். அவற்றை யாரும் இடிக்கச் சொல்லவில்லை. ஆனால் அவை மீனை நினைத்துக் கட்டியவை அல்ல. விலாங்குக் குஞ்சுக்குப் பெரிய படிக்கட்டு வேண்டாம். சொரசொரப்பான, ஈரமான ஒரு சரிவு போதும். நியூசிலாந்தில் சில தடுப்புகளின் மேலிருந்து கயிறுகளை நீரில் தொங்கவிடுகிறார்கள். குஞ்சுகள் அந்த ஈரக் கயிற்றைப் பற்றி ஏறுகின்றன. பெரிய அணைகளில் குஞ்சுகளைக் கீழே பிடித்து, எண்ணி, மேலே கொண்டுபோய் விடுகிறார்கள். கயிறு! மணக்குடியைச் சுற்றித் தொண்டு ஊறப்போட்டுக் கயிறு திரித்த ஊர்கள் எத்தனை! நமக்கு அதற்கா பஞ்சம்? சிறிய அணை ஒன்றில் நான்கு கயிறு கட்டிப் பார்க்க ஒரு பொறியாளரின் அனுமதியும் ஒரு மழைக்கால இரவும் போதுமென்று நாங்கள் நினைக்கிறோம். ஏறவில்லை என்றால் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு வந்துவிடலாம்.

பொழியைப் பற்றியும் ஒரு சொல். கோடையில் ஆற்றில் நீர் குறையும்போது கடல் மணலை அள்ளிப் போட்டு வாயை அடைத்துவிடுகிறது. இடவப்பாதி மழையிலும் துலாமழையிலும் ஆறு பெருகினால் பொழி தானே உடையும், அல்லது வெட்டிவிடுவார்கள். வயல் முழுகுகிறது, வெட்டு என்பார் உழவர். வெட்டினால் உப்பு ஏறும், கிணறு கெடும் என்பாரும் உண்டு. மீனுக்கு வழி வேண்டும் என்பார் மீனவர். மூன்றும் நியாயமே. இதில் எங்கள் வகுப்பு இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. ஒத்துக்கொள்வதில் வெட்கமும் இல்லை. எங்கள் வேண்டுகோள் ஒன்றே: பொழி வெட்டும் நாளைக் குறிக்க உட்காரும்போது, வயலின் நீர்மட்டத்தைப் பார்ப்பது போல, வெளியே கடலோரத்தில் என்ன குஞ்சு காத்திருக்கிறது என்பதையும் ஒருவர் பார்த்துச் சொல்லட்டும். அதைச் சொல்லக் காயலில் வலை வீசுகிறவரைவிடத் தகுதியானவர் யார்? சுசீந்திரம் தேரூர் ஈரநிலங்களை 2022 இல் ராம்சர் தலமாக அறிவித்தார்கள். அங்கே வரும் பறவைகளை ஆண்டுதோறும் எண்ணப் பலர் தொலைநோக்கியோடு போகிறார்கள். மிக நல்லது. பறவை எதைத் தின்ன வருகிறதோ அதையும் எண்ணினால் என்ன என்பதே எங்கள் குறுக்குக் கேள்வி.

ஐரோப்பியர்கள் 2007 இல் ஒரு விதி செய்தார்கள். மனிதத் தலையீடே இல்லாதிருந்தால் எவ்வளவு முதிர்ந்த விலாங்கு கடலுக்கு இறங்குமோ, அதில் 40 விழுக்காடாவது இறங்கிப் போக விட வேண்டும் என்பது அது. முழுவதையும் விட்டுவிடு என்று சொல்லவில்லை பாருங்கள். பிடிப்பவனுக்கும் பங்கு, ஆற்றுக்கும் பங்கு. ஆனால் 40 விழுக்காடு என்று சொல்ல, 100 எவ்வளவு என்று தெரிந்திருக்க வேண்டும். நமக்கு அந்த 100 தெரியாது.

பெற்றோரே, சனிக்கிழமை உங்கள் மகள் அளவுகோலோடு சந்தைக்கு வந்தால் அவளை விரட்டாதீர்கள். மீன் வெட்டும்போது சினை இருந்தால் அவளைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். அருட்சகோதரியரே, விடுதிச் சமையற்கட்டுக்கு வரும் மீன் கூடையை, அரிவாள்மணைக்குப் போகுமுன் ஐந்து நிமிடம் எங்களிடம் தாருங்கள்.

நோட்டுப்புத்தகம் உயிரியல் ஆய்வுக்கூடத்து அலமாரியில், தவளை எலும்புக்கூட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது. மணக்குடிக்கும் சுசீந்திரத்துக்கும் உரிய பக்கங்கள் நிறைந்து வருகின்றன. தேங்காப்பட்டணத்துக்கு இரண்டு தங்கைகள் பெயர் கொடுத்திருக்கிறார்கள். குழித்துறைப் பக்கம் மட்டும் இன்னும் வெறுமையாகக் கிடக்கிறது. அந்த வழியாகப் பேருந்தில் வருகிறவர்கள் யாராக இருந்தாலும், திங்கட்கிழமை முதல் மணிக்கு முன் வந்து பெயர் கொடுக்கலாம். அளவுகோலை நாங்கள் தருகிறோம்.